உப்பளத் தாய்மாரின் நேரத்துக்கு அங்கன்வாடி திறக்கட்டும்

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட பின்னும், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் மழலையருக்கு அது முழுமையாக எட்டவில்லை. வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்பே உப்புப் பாத்திக்குச் செல்லும் தாய், பொழுது நன்கு ஏறிய பின் திறக்கும் அங்கன்வாடியில் பிள்ளையை விட்டுச் செல்ல இயலாது. அக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்காள் வீட்டிலிருந்தால், பறிபோவது இருவரின் கல்வி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ 6 வயதுக்கு மேல்தான் உரிமை தருகிறது. 3 முதல் 6 வயது வரையிலான முன்பருவக் கல்வியை அரசின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. ஆகவே, 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலேயே பகல்நேரக் காப்பகம் அமைக்க வழிசெய்யும் ‘பால்னா’ திட்டத்தை வேப்பலோடை, முத்தையாபுரம் போன்ற உப்பளப் பகுதிகளில் முதலில் நடைமுறைப்படுத்தி, விடியுமுன்பே மையங்களைத் திறந்து, அதற்கெனத் தனிப் பணியாளரை மாநில அரசு நியமிக்க வேண்டும். இருக்கும் ஊழியர்மீதே இச்சுமையை ஏற்றுவது ஏற்கத்தக்கதன்று.