ரகசியக் குறியீடு வேண்டாம், பறிபோன கலப்பையைப் பேசுவோம்

தோழர்களே,

ஏப்ரல் 14 கண்காட்சிக்காக ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதாகச் சில மாணவர்கள் படம் அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவில் 'மங்கி ரெஞ்ச்' என்று அழைக்கப்படும் கட்டம் அது. மெக்கானிக் கடையில் நட்டு திருகுவதற்கு, வாயைக் கூட்டிக் குறைக்கிற ரெஞ்சு இருக்குமே, அதன் பெயர்தான். நடுவில் ஒரு சதுரம். நான்கு மூலையிலும் இரண்டிரண்டு முக்கோணம். நான்கு பக்கமும் இரண்டிரண்டு பட்டை. மொத்தம் 17 துண்டு. கால் அங்குலம் தையலுக்கு விட்டு, முனை பிசகாமல் தைத்திருக்கிறார்கள். தையலில் ஒரு குறையும் இல்லை.

குறை, பக்கத்தில் வைக்க எழுதிய அட்டையில் இருக்கிறது. தப்பிக்க நினைத்த கறுப்பின அடிமைகளுக்காக இந்தப் போர்வையை வேலியில் தொங்கவிடுவார்களாம். கருவிகளைச் சேகரித்துப் பயணத்துக்குத் தயாராகு என்பது அதன் ரகசியச் செய்தியாம். வாட்ஸ்அப்பில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்குச் சான்று இல்லை.

இந்தக் கதை பெரிதாகப் பரவியது 1999இல் வந்த ஒரு புத்தகத்தால். தென் கரோலினாவில் ஒரு கறுப்பினப் பெண் சொன்ன குடும்பக் கதைதான் அதன் அடிப்படை. இங்கே சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். "பஞ்சமி நிலம் எங்களுடையது என்று நம் பாட்டி சொன்னால், பத்திரம் எங்கே என்று கேட்கிறான். நீங்களும் அதையே கேட்கலாமா தோழர்?"

நியாயமான கேள்வி. ஆகவே பத்திரத்தை விடுங்கள், வாய்மொழியையே கேட்போம். 1930களில், அடிமைகளாக வாழ்ந்த 2,000க்கும் மேற்பட்டவர்களை நேரில் பார்த்து அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார்கள். தப்பி வந்தவர்களை விசாரித்து எழுதிவைத்த கறுப்பினப் போராளி வில்லியம் ஸ்டில், 1872இல் அதைப் பெரும் நூலாகவே வெளியிட்டார். தானே தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் மூன்று தன்வரலாறுகள் எழுதினார். இவற்றில் எங்கும் போர்வைக் குறியீடு இல்லை. போதாததற்கு, இதே கட்டத்தை இன்னொரு வீட்டில் வெண்ணெய் கடையும் மத்தின் பெயரால் அழைப்பார்கள். வீட்டுக்கு வீடு பெயர் மாறும் ஒன்று எப்படி ரகசியச் செய்தி சொல்லும்? ஒரு குடும்பக் கதையை மதிப்பது சரி. அதற்காக ஆயிரக்கணக்கானோர் தந்த சாட்சியத்தைக் கேளாமல் விடுவது சரியா?

எனக்குக் கோபம் வருவது பொய்யால் மட்டும் இல்லை. அந்தப் பொய் எதை மறைக்கிறது என்பதால்.

அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அடிமைகளின் சந்ததியினர் அங்கே குத்தகைக்குப் பருத்தி விளைவித்தார்கள். 1932இல் கடனைக் காரணம் காட்டி, கடன் கொடுத்த வணிகரின் குடும்பம் ஆளனுப்பி 60க்கும் மேற்பட்ட வீடுகளை வழித்தெடுத்தது. கலப்பை, மாடு, தீவனம், உணவு எதையும் விடவில்லை. தேய்ந்த வேலையுடுப்பையும் மாவு மூட்டைத் துணியையும் ஒட்டி அந்த ஊர்ப் பெண்கள் தைத்த போர்வைகள்தான் அவர்களைக் குளிரிலிருந்து காத்தன. கருவிகளைச் சேகரி என்று கதை சொல்கிறது. கருவிகளைப் பிடுங்கிக்கொண்டு போனான் என்கிறது வரலாறு.

1960களில் அவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கிளம்பினார்கள். 1962இல், ஆற்றைக் கடந்து கேம்டன் நகருக்குப் போகும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அது திரும்ப வர 2006 ஆனது. பெயர் சேர்த்ததற்காகப் பல குடும்பங்கள் குடியிருந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்டன. 1966இல் அந்த வட்டாரப் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். தைத்து விற்றார்கள். சொந்தமாக நிலம் வாங்கினார்கள். விரட்டப்பட்ட சில குடும்பங்களுக்கு அதில் மனையும் விற்றார்கள்.

வாக்கு, நிலம், கூலி, சங்கம். நம் சேரி கேட்பதும் இதைத்தானே? இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? பட்டப்பகலில், பெயர் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, விலை கொடுத்துச் செய்த போராட்டம். இதைப் பேசினால் நிலம் யாருடையது என்ற கேள்வி வரும். வேலியில் தொங்கும் போர்வைக் கதையால் எந்த நிலவுடைமையாளனுக்கும் தூக்கம் கெடாது. அதனால்தான் அது இவ்வளவு சுலபமாகப் பரவுகிறது.

இன்னொன்றும் உண்டு. நம் மேடையில் ஒரு பொய் அகப்பட்டால் போதும். அதைக் காட்டியே நம் பத்து உண்மைகளையும் தள்ளிவிடுவான் எதிரி. ஆண்ட பரம்பரைக் கதை அவனுக்குச் சான்றில்லாமலே செல்லும். நமக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

போர்வையைத் தையுங்கள். ரெஞ்சுக் கட்டத்தையே தையுங்கள். அட்டையை மட்டும் கிழித்துப்போட்டு இப்படி எழுதுங்கள்: "1932இல் இவர்களின் கலப்பையைப் பிடுங்கினார்கள். 1966இல் இவர்கள் கூட்டுறவு தொடங்கினார்கள், ஊசியால் நிலம் வாங்கினார்கள்."

ஜெய்பீம்.