பல் டாக்டர் என்றால் பயமா?

பெயர் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 42. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. இரண்டு வருஷமாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாராம். மூன்று தடவை பல் ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார். "அந்த மெஷின் சத்தம் கேட்டாலே கை கால் வெலவெலத்துப் போகுது. எதிர்வீட்டு மாமி, தனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில ரெண்டு கொடுத்திருக்காங்க. அதைப் போட்டுக்கிட்டுப் போயிடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் சகோதரி! அந்த இரண்டையும் மாமியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் யோசனையில் பாதி சரிதான். பயத்தைத் தணிக்க மாத்திரை உண்டு. அதைக் கொடுக்க வேண்டியவர் மாமி இல்லை, பல் டாக்டர்.

முதலில் ஒன்று. இந்தப் பயத்துக்கு வெட்கப்படவே வேண்டாம். வலியில்லாமல் பல் பிடுங்க வழி தேடித்தானே மயக்க மருந்தே பிறந்தது! அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர் 1844-ல் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகர்ந்துகொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். இன்று ஊசி போட்டு மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் மருந்து 1948-ல் புழக்கத்துக்கு வந்தது. பதற்றத்தைக் குறைக்கும் டயஸிபாம் 1963-ல் விற்பனைக்கு வந்தது. அல்ப்ரஸோலாம், மிடஸோலாம் எல்லாம் அதே குடும்பம்தான்.

மாத்திரை என்ன செய்யும்? மனசின் படபடப்பை அடக்கும். லேசாகக் கண்ணைச் சொக்கும். ஆனால் முழு மயக்கம் வராது. கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், வாயைத் திறங்கள் என்றால் திறப்பீர்கள். பிறகு, நடந்ததில் பாதி ஞாபகம் இருக்காது. என்ன செய்யாது? வலியை நிறுத்தாது. அதனால் மரத்துப்போகும் ஊசி கட்டாயம் உண்டு. பயம் குறைந்துவிட்டதால் அந்த ஊசியே பெரிதாகத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, மாமியின் மாத்திரையில் என்ன தப்பு? ரத்தத்தில் ஊசியாக ஏற்றும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்துக் கொடுக்கலாம். விழுங்கின மாத்திரையை அப்படிக் கூட்டிக் குறைக்க முடியாது. வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும். "இன்னும் ஒண்ணும் பண்ணலையே" என்று இரண்டாவதையும் போட்டால், இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆளை அமுக்கும். மூச்சு மந்தமாகிவிடும். கூட கோடீன் கலந்த இருமல் மருந்தோ, வேறு தூக்க மருந்தோ, மதுவோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதனால்தான் கடைக்காரர் இந்த மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. தனி நோட்டில் பேரெழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது.

பல் டாக்டரிடம் இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்:

1. கர்ப்பமா, அல்லது கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறீர்களா?

2. ஆஸ்துமா, நுரையீரல், கல்லீரல் கோளாறு உண்டா? ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா?

3. தினமும் சாப்பிடும் மாத்திரைகள் என்னென்ன? பேர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப் போங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

4. அன்றைக்குக் காலையில் சாப்பிடலாமா, கூடாதா?

நீங்களும் ஒன்று கேளுங்கள். "விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவி இருக்கா? மூச்சு மந்தமானா உதவி செய்ய ஏற்பாடு இருக்கா?" இதைக் கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

துணைக்குப் பெரியவர் ஒருவர் அவசியம். தனியாக ஆட்டோவில் வருவது கூடாது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு நாள் முழுக்க ஸ்கூட்டர் தொடாதீர்கள், அடுப்படி வேலை வேண்டாம், பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "எனக்கு ஒண்ணும் இல்லை, ரசம் மட்டும் வச்சிடறேன்" என்று எழுந்திருக்கிற பழக்கம் நமக்கு ஜாஸ்தி. அன்றைக்கு வேறு யாராவது வைக்கட்டும். வாய் மரத்திருக்கும்வரை சூடாக எதுவும் குடிக்கவும் கூடாது. உதடு வெந்தாலும் தெரியாது.

வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. சின்ன அளவே அவர்களைத் தள்ளாட வைத்துவிடும். பாத்ரூமுக்குப் போகும்போது கூடவே போங்கள். குழந்தைக்கு வீட்டிலேயே தூக்க மருந்து கொடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு போவது கூடவே கூடாது. கொடுப்பதானால் ஆஸ்பத்திரியில், டாக்டர் கண் முன்னால்தான்.

எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். காத்திருக்கிற நேரத்தில்தான் பயம் வளரும். உட்கார்ந்ததுமே "எனக்கு பயமா இருக்கு டாக்டர். கையைத் தூக்கினா நிறுத்திடுங்க" என்று சொல்லி வையுங்கள். நிறுத்தும் உரிமை நம் கையில் இருக்கிறது என்றாலே பாதி பயம் போய்விடும். ஊசிக்கு முன்னால் ஈறில் தடவ மரத்துப்போகும் ஜெல்லும் உண்டு.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதையும் நம்பாதீர்கள். பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.

ஆனால் தள்ளிப்போடுவதற்கு ஓர் எல்லை உண்டு. கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமானால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைக்கும். கிராம்புத் தைலமும் உப்புத் தண்ணீரும் அப்போது காப்பாற்றாது. ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்த இதழில்: குழந்தையின் பால் பல்லில் சொத்தை, "விழப்போகிற பல்தானே" என்று விடலாமா?