கணக்கில் ஏறாத சம்பாத்தியம்

கல்வராயன் மலையில் கரியாலூரை ஒட்டிய கிராமம் ஒன்றில் பிறந்த தம்பி அவர். மலையாளி பழங்குடிக் குடும்பம், வீட்டில் முதல் பட்டதாரி. ஊரில் சிக்னல் நிலையாக நிற்பதில்லை என்பதால் கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்கி, வெளிநாட்டுச் சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறார். போன வாரம் ஒரு ஃபைலோடு வந்து நின்றார்.

"அண்ணா, போர்ச்சுகல்ல போய் இருந்துக்கிட்டு இதே வேலையச் செய்யலாமாம். அதுக்குன்னே ஒரு விசா இருக்காம். ஏஜெண்ட் ஒருத்தரு மூணு லட்சம் கேக்குறாரு. கட்டலாமா?"

கட்ட வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்பதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். அவரைப் போலவே லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு அலைகிற பிள்ளைகள் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் ஆத்தூரிலும் இருக்கிறார்கள்.

முதலில், அந்த விசா உண்மைதான். கொரோனா காலத்தில் அலுவலகங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, "எங்கள் ஊரில் வந்து தங்கு, சம்பளம் உன் நாட்டிலிருந்து வரட்டும், செலவை மட்டும் இங்கே செய்" என்று ஐரோப்பிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்தன. எஸ்டோனியா 2020 ஆகஸ்டில் தொடங்கியது. குரோஷியா 2021இல் வந்தது. போர்ச்சுகல் 2022 அக்டோபர் இறுதியில் 'டி8' விசாவைக் கொண்டுவந்தது. ஸ்பெயின் 2022 டிசம்பரில் நிறைவேற்றிய ஸ்டார்ட்அப் சட்டத்தின் வழியாக 2023 முதல் கொடுக்கிறது. கிரீஸ், ஹங்கேரி, இத்தாலி எல்லாம் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. டிஜிட்டல் நோமாட் விசா என்பது இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர்.

இந்த விசாக்கள் முதலில் பார்ப்பது திறமையை அல்ல, மாத வருமானத்தை. போர்ச்சுகல் அந்நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு கேட்கிறது. 2025இல் அந்தச் சம்பளம் 870 யூரோ. ஆக, மாதம் 3,480 யூரோ. ஒரு யூரோவைத் தோராயமாக நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய மூன்றரை லட்சம். அதுவும் ஒரு மாதம் வந்தால் போதாது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களின் சராசரி அவ்வளவு இருக்க வேண்டும். ஸ்பெயின் தன் குறைந்தபட்சச் சம்பளத்தில் இரண்டு மடங்கு கேட்கிறது. 2025 கணக்கில் சுமார் 2,760 யூரோ. ஹங்கேரி 3,000 யூரோ. எஸ்டோனியா 4,500 யூரோ, அதுவும் ஆறு மாதத்துக்குக் காட்ட வேண்டும். தொகை ஆண்டுதோறும் மாறும், குறைந்தபட்சச் சம்பளம் கூடக்கூட இதுவும் கூடும்.

நல்ல மாதத்தில் தம்பியின் வருமானம் அறுபதாயிரம். கள்ளக்குறிச்சியில் அது கௌரவமான பணம். மலையில் ஒரு குடும்பம் மரவள்ளி போட்டுச் சேலத்துக்காரர்களுக்கு விற்றுப் பார்க்கிற காசோடு ஒப்பிட்டால் பெரும்பணம். லிஸ்பன் கேட்பதில் அது ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

அவருடைய ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. ஆனால் ஃபைலைத் திறந்து பார்த்தபோது, வருமானம் குறைவு என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று அதற்குள் இருந்தது.

வங்கி ஸ்டேட்மெண்டில் ஒரு பக்கம். மாதம் முழுக்கச் சின்னச் சின்ன வரவுகள். எட்டாயிரம், பன்னிரண்டாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் பாதிக்கு மேல் அவருடைய நண்பர் ஒருவரின் பெயர். வெளிநாட்டுப் பணத்தை வாங்கும் கணக்கு அந்த நண்பரிடம்தான் இருந்திருக்கிறது. அவர் வாங்கி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை ஜிபேயில் தள்ளிவிடுவார். இன்னும் சில மாதங்களில் பணம் இவர் கணக்குக்கே வரவில்லை, அக்கா கணக்குக்குப் போயிருக்கிறது. ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது, வாட்ஸ்அப் உரையாடல்தான். இன்வாய்ஸ் போட்டதே இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததும் இல்லை, "வரி வர்ற அளவுக்கு இல்லியேண்ணா" என்றார்.

நான்கு வருட உழைப்பு அது. செய்து கொடுத்த இணையதளங்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஒரு தூதரக அதிகாரியின் கண்ணில், இந்த இளைஞர் நான்கு வருடமாக நண்பரிடம் கைமாற்று வாங்கிப் பிழைத்தவர்.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. கல்வராயன் மலை மக்கள் வேலைக்காக ஊர்விட்டுப் போவது தலைமுறைப் பழக்கம். கேரளாவுக்கு மிளகு பறிக்க, கர்நாடகத்துக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு. மேஸ்திரி வீடு தேடி வந்து முன்பணம் கொடுப்பார், குடும்பத்தோடு வண்டி ஏறுவார்கள், திரும்பி வரும்போது கணக்கு மேஸ்திரியின் வாயில் இருக்கும். பக்கத்து ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பகுதிகளிலிருந்து ஆந்திரக் காட்டுக்குப் போன ஆட்களில் 20 பேர் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திரப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். யார் கூப்பிட்டார், என்ன கூலி பேசினார், எங்கே என்று சொல்லி ஏற்றினார் என்பதற்கு அந்த வீடுகளில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. நிலமும் அப்படித்தான். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலையாகி முப்பது ஆண்டு நெருங்கிய பிறகுதான் அரசு நிர்வாகம் இங்கே முழுதாக ஏறி வந்தது. பாட்டன் காலத்திலிருந்து உழுத நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து வழக்கு எடுத்துக்கொண்டது. அதுவரை யார் கேட்டார்கள்?

லேப்டாப் வந்துவிட்டது; மேஸ்திரி இருந்த இடத்தில் நண்பரின் கணக்கு வந்திருக்கிறது. உழைப்பு இவருடையது, பதிவு வேறொருவருடையது என்பது மட்டும் மாறவில்லை. இதைச் சொன்னபோது தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பாவும் இப்படித்தாண்ணா, குடகுல பத்து வருசம்" என்றார்.

ஆகவே ஐரோப்பாவுக்குப் போகிற வேலை கள்ளக்குறிச்சியில் தொடங்க வேண்டும். பான் கார்டு இருக்கிறது. வேலைப் பணத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு, அதில் வீட்டுக் காசு கலக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் கணக்கைத் தன் பெயரிலேயே திறக்க வேண்டும். ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்த பணம் என்பதற்கான சான்றை வங்கியிடமோ பணம் மாற்றிக் கொடுக்கும் நிறுவனத்திடமோ கேட்டு வாங்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்க ஒப்பந்தம், வரிசை எண் போட்ட இன்வாய்ஸ். சிறுதொழிலுக்கான உதயம் பதிவு ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாக முடிந்துவிடும், அதற்கும் காசு கேட்கிறவர்கள் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

வருமான வரிக் கணக்கில் ஒரு நுணுக்கம். 44ஏடிஏ என்று நம்மவர்களுக்குப் பழகிப்போன பிரிவின்படி, குறிப்பிட்ட தொழில்முறைப் பணி செய்பவர்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டாம். பலரும் வரியை நினைத்து இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் விசா அதிகாரி வரிக் கணக்கை விரித்தால் அதில் வருமானம் என்று இருப்பது அந்தப் பாதிதான். மாதம் நான்கு லட்சம் வாங்குகிறவர் இரண்டு லட்சக்காரராகத் தெரிவார். ஒரு கணக்காளரிடம் இதை விளக்கும் கடிதம் வாங்கி இணைப்பதா, அல்லது செலவுகளை எழுதி முழுக் கணக்கே காட்டுவதா என்பதை விசா கனவு இருப்பவர்கள் முதல் ஆண்டிலேயே யோசித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஆண்டில் யோசித்தால் பழைய கணக்கைத் திருத்துவது எளிதாக இருக்காது.

சரி, பதிவுகள் ஒழுங்கான பிறகு எங்கே போவது? மூன்றரை லட்சம் எட்டாதவர்களுக்கு என் கை ஜெர்மனியைத்தான் காட்டும். அங்கே டிஜிட்டல் நோமாட் விசா என்ற பெயரில் எதுவும் இல்லை. ஆனால் குடியிருப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில், சுதந்திரத் தொழில் செய்பவர்களுக்கு வெகுகாலமாக ஒரு வழி இருக்கிறது. எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், ஓவியர், பத்திரிகையாளர், ஆசிரியர், பொறியாளர் போன்றோருக்கு அது. இத்தனை யூரோ என்று ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்துவதில்லை. வாடகையும் மருத்துவக் காப்பீடும் போக உன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறார்கள். முக்கியமான கேள்வி, ஜெர்மனியில் உனக்கு வேலை தரப் போவது யார் என்பதுதான். அங்குள்ள நிறுவனங்களிடமிருந்து, இந்த ஆளுக்கு வேலை கொடுக்க எண்ணியிருக்கிறோம் என்று கடிதம் வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்கள் முதுமைக்கான சேமிப்பையும் காட்ட வேண்டும். நம் தம்பிக்கு வயது இருபத்தாறு, அவருடைய வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் ஜெர்மனிக்காரர்கள். போர்ச்சுகலை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தவருக்கு, கையில் இருந்த இந்த இரண்டு பேரின் மதிப்பு தெரியவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. இணையதளம் செய்வது சுதந்திரத் தொழிலா, வெறும் வியாபாரமா என்பதில் ஜெர்மன் அலுவலகங்கள் தயங்கும். வடிவமைப்பு, படைப்புப் பணி என்று எவ்வளவு தெளிவாகக் காட்ட முடிகிறதோ அவ்வளவு நல்லது. செய்த வேலைகளின் தொகுப்பு அங்கேதான் கைகொடுக்கும்.

2024 ஜூன் முதல் ஜெர்மனி கொடுக்கும் வாய்ப்பு அட்டையைப் பற்றியும் தம்பி கேட்டார். அது சம்பள வேலை தேடிப் போகிறவர்களுக்கு. ஓராண்டு தங்கித் தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேரமாக உழைக்கலாம். ஆனால் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட முடக்கப்பட்ட கணக்கில் 2025 விதிப்படி மாதத்துக்கு 1,091 யூரோ வீதம் ஓராண்டுக்கு 13,092 யூரோ போட வேண்டும். பதின்மூன்று லட்சத்தை மலைக் குடும்பம் எங்கே போய்ப் புரட்டும்? நிலத்தை அடமானம் வைக்கலாம் என்றால் பட்டா வேண்டும். பட்டா இல்லாதது விசா வரைக்கும் துரத்தி வருகிறது.

ஏஜெண்டுகள் விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியின் நீண்டகால விசாவுக்குத் தூதரகக் கட்டணம் 75 யூரோ. மொழிபெயர்ப்பு, காப்பீடு என்று கூட்டினாலும் மூன்று லட்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்கிற குறுக்குவழி பெரும்பாலும் ஒன்றுதான்: சுற்றுலா விசாவில் போய் இறங்கு, அங்கே மாற்றிக்கொள்ளலாம். ஷெங்கன் சுற்றுலா விசா 180 நாளில் 90 நாள் தங்க மட்டுமே, வேலைக்கு அல்ல. போய் இறங்கிய பிறகு பதிந்துகொண்டு காத்திருக்கும் வழி போர்ச்சுகலில் முன்பு இருந்தது. 2024 ஜூனில் அதை மூடிவிட்டார்கள். மூடிய கதவைக் காட்டி இன்னும் காசு வாங்குகிறார்கள். ஸ்பெயினில் சட்டப்படி தங்கியிருக்கும்போதே நோமாட் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் அங்கேயும் அதே வருமானம், அதே ஒப்பந்தம், பட்டம் அல்லது மூன்றாண்டு அனுபவச் சான்று எல்லாம் வேண்டும். மேஸ்திரியின் முன்பணத்தில் மாட்டிய வீட்டுப் பிள்ளை, ஏஜெண்டின் கடனில் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அந்த மூன்று லட்சம் இருந்தால் இரண்டு வருடம் ஜெர்மன் மொழி படிக்கலாம், நல்ல லேப்டாப் வாங்கலாம், மீதியும் இருக்கும்.

அரசிடமும் கேட்க இருக்கிறது. 1978இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களையும் தொழிலாளர்களையும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. முதலாளி ஒருவர் ஆள் கேட்டால்தான் அங்கே வேலை நகரும். முதலாளியே இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்கிற பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்ல எனக்குத் தெரிந்து ஒரு அரசு அலுவலகம் இல்லை; அந்த இடத்தில்தான் ஏஜெண்டுகள் பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்திலேயே இதற்கொரு பிரிவு தொடங்கலாம். பழங்குடி இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி நடத்தும் தாட்கோ, பயிற்சியின் கடைசி வாரத்தில் இன்வாய்ஸ் எழுதவும் வரிக் கணக்கு தாக்கல் செய்யவும் சொல்லிக் கொடுக்கலாம்.

தம்பியின் ஃபைலில் கடைசியாக இருந்தது சாதிச் சான்றிதழ். அதில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரி, ஆதாரில் மூன்றாவது மாதிரி. இதைத் திருத்த அவர் மலைக்கும் வெள்ளிமலை தாலுகா அலுவலகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்குமாக நடக்கிறார். ஒவ்வொரு நடையும் ஒரு நாள் வேலையைத் தின்கிறது. கல்வராயன் மலையில் மாவட்ட நிர்வாகம் கோடை விழா நடத்துவதுண்டு. அடுத்த விழாவில் பெயர்த் திருத்தம், பான், உதயம் பதிவு, பாஸ்போர்ட் விண்ணப்பம் நான்கையும் ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்கும் அரங்கு ஒன்றைக் கரியாலூரிலேயே போட வேண்டும். ஆட்சியருக்கு இந்தக் கோரிக்கையை எழுதி அனுப்பிவிட்டேன். மலையில் இப்படி வேலை செய்கிற பிள்ளைகளைத் தெரிந்தவர்கள் அவர்கள் பங்குக்கும் எழுதுங்கள்.