ஏழு விநாடி எங்கே போச்சு?

"அப்பா, பாட்டி கதை நின்னு நின்னு வருது" என்றாள் என் பொண்ணு. வீட்டு மூலையில் ஒரு பழைய லினக்ஸ் பெட்டி. குடும்பப் போட்டோ, வீடியோ, என் பாட்டி இருந்தப்போ கும்பகோணத்தில் ரெக்கார்ட் பண்ணின கதைகள் எல்லாம் அதில்தான். வேறு காப்பி கிடையாது. (தெரியும், திட்டாதீங்க.)

முதல் சந்தேகம், வழக்கம்போல, வைஃபை. அது இல்லை. டிஸ்க் படிக்கிற வேகத்தைப் பார்த்தேன்: சராசரி 1 மில்லி செகண்ட். ரொம்ப நல்லா இருக்கே!

அங்கேதான் ஏமாந்தேன். ஸ்கூல் பஸ் 99 நாள் சரியா வந்து, ஒரு நாள் ரெண்டு மணி நேரம் லேட்டானால், சராசரித் தாமதம் ஒரு நிமிஷம் சொச்சம்தான். அன்னைக்குக் குளிரில் நின்ற பிள்ளையிடம் அந்தச் சராசரியைச் சொல்லிப் பாருங்க.

ஆபீஸில் தினமும் பண்ற வேலையை வீட்டில் பண்ணத் தோணவே இல்லை. லினக்ஸ் கெர்னலுக்குள் இபிபிஎஃப் என்று ஒரு வசதி இருக்கு. ஃபைலைப் படிக்கிற ஃபங்ஷன் ஆரம்பிக்கும்போது மணி பார்த்து, முடியும்போது மறுபடி பார்த்து, வித்தியாசத்தைக் குறிச்சுக்கும். பிளேயரையோ சர்வரையோ தொடவே வேண்டாம். அதை வைச்சு எழுதின ரெடிமேட் கருவிகள் பிசிசி தொகுப்பில் கிடைக்குது.

ஈஎக்ஸ்டி4டிஸ்ட் ஓட்டினேன். அது சராசரி சொல்லாது, பட்டை பட்டையாக் காட்டும். சுமார் 20,000 ரீடுகள். பெரும்பாலானவை 8லிருந்து 15 மைக்ரோ செகண்டுக்குள். அதாவது டிஸ்க் வரைக்கும் போகவே இல்லை, மெமரியிலிருந்தே வந்துடுச்சு. ரொம்பக் கீழே, 4194304லிருந்து 8388607 என்ற வரியில், தனியா மூணு. மைக்ரோ செகண்டை விநாடியாக்கினால் நாலுக்கு மேல், எட்டரைக்குள்.

எந்த ஃபைல்? அதைச் சொல்றது ஈஎக்ஸ்டி4ஸ்லோயர். 10 மில்லி செகண்டைத் தாண்டினதை மட்டும் ஃபைல் பெயரோடு காட்டும். மூணும் பாட்டியின் ஒரே கதை. ஒவ்வொண்ணும் ஏழு விநாடி. பயோஸ்னூப்பும் டிஸ்க்கிடம் அதே ஏழு விநாடி போனதைக் காட்டியது. ஆக, ஃபைல் சிஸ்டம் மேல் தப்பில்லை. டிஸ்க் ஒரே இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டு இருந்திருக்கு. ஸ்மார்ட்சிடிஎல் கேட்டால், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் 48.

இங்கே ஒரு முட்டாள்தனத்தை ஒத்துக்கணும். விடை கிடைச்ச சந்தோஷத்தில், உறுதி பண்ணிக்க அதே ஃபைலை இன்னும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்றவரை மாடி ஏறச் சொல்லி மூச்சு வாங்குதான்னு பார்த்த கதை. அஞ்சாவது தடவை ஏழு விநாடி இல்லை, எரர் வந்தது.

அப்புறம்தான் அணைச்சேன். புது டிஸ்க் வாங்கி டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் வரும். ராத்திரி முழுக்க ஓடியது. எல்லாம் வந்தது, அந்தக் கதையின் நடுவில் சில விநாடிகள் தவிர. இப்போ ஒரு காப்பி தம்பி வீட்டில் இருக்கு.

விட்டுப்போன இடத்தில் என்ன வரும்னு அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டோம். அவங்க சொன்னாங்க. "பாட்டி அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்று என் பொண்ணு இன்னமும் சண்டை போடறா.