சிறுநீர் கறுத்தால் காத்திருக்க வேண்டாம்

சிறுநீர் கட்டந்தேநீரின் நிறத்தில் வெளியேறுவதைக் கண்டும், அதனை உடற்சூடு என்று கருதி, இரண்டு நாள் இளநீர் அருந்திப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்கு வருவோர் உள்ளனர். சிறுநீரகத்தைக் காப்பதற்குரிய காலம் பெரும்பாலும் அந்த இரண்டு நாள்களிலேயே கழிந்துவிடுகிறது.

விபத்தில் தசை நசுங்கினாலும், சிலவகைப் பாம்புகளின் நஞ்சு ஏறினாலும், கடும் வெயிலில் உழைத்தாலும், பழக்கமின்றி முதல் நாளே அளவுமீறி உடற்பயிற்சி செய்தாலும் தசையணுக்கள் சிதையக்கூடும். அப்போது மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. தசைக்குள் இருந்தவரை ஆக்சிஜனைச் சேமித்துத் தந்த அப்புரதம், சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைந்ததும் பகையாகிறது. உறைந்து அவற்றை அடைக்கிறது. தன்னுள் இருக்கும் இரும்பினால் அங்குள்ள உயிரணுக்களைச் சிதைக்கிறது. 1941ஆம் ஆண்டில் பைவாட்டர்ஸ், பீல் என்னும் இருவர் இதனை விவரித்து எழுதினர். இலண்டனில் குண்டுவீச்சின் இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர்கள், சில நாள்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை அவர்கள் கண்டிருந்தனர்.

இன்றும் முதன்மையான சிகிச்சை, காலந்தாழ்த்தாமல் நரம்பு வழியே போதிய அளவு சலைன் ஏற்றுவதுதான். சோடியம் பைகார்பனேட்டும் மானிடாலும் நெடுங்காலமாக வழக்கில் இருப்பினும், அவை சலைனை விடக் கூடுதல் பயன் தருவதற்கு வலுவான சான்று இல்லை. இரும்பைப் பிணைக்கும் மருந்துகள், மயோகுளோபினின் வேதிவினையைத் தடுக்கும் மருந்துகள் ஆகியவை ஆய்வில் உள்ளன. எலிகளில் பாராசிட்டமால்கூட அவ்வினையைத் தணித்தது. இச்செய்தியைப் படித்து எவரும் வீட்டில் மாத்திரை விழுங்க வேண்டாம். எலிக்கும் மனிதருக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு.

எங்கள் கருத்தில், புதிய மருந்துக்காகக் காத்திருப்பதினும் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பது பெரிது: ‘சிறுநீர் என்ன நிறத்தில் போனது?’ கூச்சத்தால் நோயாளி அதனைச் சொல்வதில்லை. நெரிசலில் மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளைகளில் கேட்கத் தவறுகிறோம். இத்தவற்றை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசோதனைப் பட்டை இரத்தம் உண்டு என்று காட்ட, நுண்ணோக்கியில் சிவப்பணுக்களே தென்படாவிடில், ஐயம் தசையின்மீது எழ வேண்டும்.

இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிதைந்த தசையும் பொட்டாசியத்தையே இரத்தத்தில் கொட்டுகிறது. அது மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். உடல்வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகள், நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலியச் செய்யும். ஆகவே உடல்வலியோடு சிறுநீரும் கறுத்திருந்தால், இவ்விரண்டையும் தவிர்த்து, அன்றே வாருங்கள், இரவாயினும் வாருங்கள்.