ஒரே கல்லில் தனித்தனி கணக்கு

பி.காம். படிக்கிறவனுக்குக் கல்லறையில் என்ன வேலை என்று கேட்காதீங்க. நானும் கணக்கைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன் :-)

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே கம்ஃபர்ட் என்று ஒரு சின்ன ஊர். 1854-ல் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் உருவாக்கியது. 1861-ல் டெக்சாஸ், அடிமை முறையைக் காக்க நின்ற மற்ற தென் மாநிலங்களோடு சேர்ந்து ஒன்றியத்தை விட்டு விலகியது. இந்தப் பக்கத்து ஜெர்மானியர்கள் பலருக்கு அதில் இஷ்டமில்லை. 1862-ல் கட்டாய ராணுவ சேவை வந்தது. 18 முதல் 35 வயது வரை. அதாவது நம்ம வயசுப் பசங்க!

60-க்கும் மேற்பட்டவர்கள் துப்பாக்கியோடு மெக்சிகோ பக்கம் கிளம்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 10 அதிகாலை, நியூசெஸ் ஆற்றுப் பக்கம் தங்கியிருந்தபோது தென் மாநிலப் படை தாக்கியது. சண்டையில் 19 பேர் செத்தார்கள். காயத்தோடு பிடிபட்ட 9 பேரைப் பிறகு கொன்றுவிட்டார்கள். தப்பித்தவர்களில் சிலர் அக்டோபரில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார்கள்.

போர் நடக்கும்வரை உடல்களை எடுக்க முடியவில்லை. 1865-ல்தான் ஊர்க்காரர்கள் போய், மூன்று வருஷம் வெயிலில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி வந்து கம்ஃபர்ட்டில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். மறு வருஷம் அதன்மேல் சுண்ணாம்புக்கல் தூண் வைத்தார்கள். அதில் ஜெர்மன் மொழியில் 'ஒன்றியத்துக்கு விசுவாசம்' என்று பொறித்திருக்கிறது.

அது போரா, படுகொலையா? இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 'அவர்களும்தானே திருப்பிச் சுட்டார்கள்' என்று ஒரு கட்சி. 'எல்லாமே கொலைதான்' என்று இன்னொரு கட்சி.

என்னைக் கேட்டால், பதில் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. நியூசெஸில் சண்டையில் விழுந்தவர்கள் பெயர் தனி. பிடித்துக் கொல்லப்பட்டவர்கள் பெயர் தனி. ரியோ கிராண்டேயில் போனவர்கள் தனி. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள், கோபம் ஆறாத நேரத்தில்கூட எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் போட்டுக் கூட்டவில்லை. அதனால்தான் அந்த 9 பேர் கணக்கை இன்றுவரை யாராலும் 'போரில் இதெல்லாம் சகஜம்' என்று தள்ளுபடி செய்ய முடியவில்லை.

நாம் துக்கத்திலும் கோபத்திலும் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால்தான் நியாயம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். உள்ளதை உள்ளபடி பிரித்து எழுதுவதுதான் கடைசிவரை நிற்கும் என்பது என் கட்சி.

நீங்க எந்தக் கட்சி?