கோழிக்கு எது உணவு, எது நஞ்சு?

மடுப் பகுதியில் இடம்பெயர்ந்து மீண்ட பல குடும்பங்களுக்கு முதற் கைமுதல் கோழிதான். வயல் விதைக்க மாரிக்குக் காத்திருக்க வேண்டும். மாடு வாங்கப் பணம் வேண்டும். நாலு பேடும் ஒரு சேவலும் இருந்தால் பிள்ளைகளின் கொப்பி, பென்சில் செலவுக்காவது முட்டைக் காசு உதவும். ஆகவே ஒரு கோழி செத்தால் அது சின்ன இழப்பல்ல.

1990இல் மடுவில் திறந்த நிவாரண நிலையம் தொடங்கிய காலம் முதல் எமது மக்கள் பலமுறை ஓடி, பலமுறை திரும்பியவர்கள். 2009க்குப் பின்னர் திரும்பியபோது பல வளவுகள் பற்றையாகிக் கிடந்தன. நாயுண்ணி, ஆமணக்கு, ஊமத்தை, மணத்தக்காளி எல்லாம் தாமாக முளைத்திருந்தன. இவற்றைக் கோழி கொத்தலாமா என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள் என்பது ஒன்று. கோழிக்குத் தெரியும், விடுங்கள் என்பது மற்றது. இரண்டுமே அரைகுறையான பதில்கள் என்பது நமது கருத்து.

திறந்துவிட்ட கோழி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் கொத்தித் திரியும். கசப்பானதைப் பெரும்பாலும் விட்டு விலகும். மணத்தக்காளியின் பழுத்த பழத்துக்குப் பயப்படத் தேவையில்லை. பச்சைக் காயில்தான் சொலனின் என்ற நஞ்சு உண்டு. பழுக்கப் பழுக்க அது குறையும். நாயுண்ணியின் கறுத்த பழத்தைக் குருவிகள் தின்று விதை பரப்புகின்றன. அதன் இலையோ ஆடு மாடுகளின் ஈரலைக் கெடுக்கும். பற்றை முழுவதையும் வெட்டினால் குஞ்சுகளுக்குப் பருந்திடமிருந்து ஒளிய இடமும் இராது, மத்தியான வெயிலுக்கு நிழலும் இராது.

ஆபத்து பெரும்பாலும் நமது கையால்தான் வருகிறது. அடைத்து வைத்த கோழிக்குத் தெரிவு இல்லை. பசித்தால் போட்டதைத் தின்னும். நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இபில் இபில் குழை ஆட்டுக்கு நல்லது என்பதால் கோழிக்கும் கட்டிவிடுகிறோம். அசைபோடும் விலங்கின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதிலுள்ள மிமோசின் நஞ்சை உடைக்க வல்லவை. கோழிக்கு அந்த வசதி இல்லை. உலர்த்திப் பொடித்த இலை, தீவனத்தில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேற்படாவிட்டால் மஞ்சட்கரு நல்ல நிறம் பெறும். கூடினால் வளர்ச்சியும் முட்டையும் குறையும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடக்கூடாது. அதில் சயனைட் உண்டாகும். நறுக்கி, வெயிலில் நன்கு காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும். முருங்கை இலைக்கு இந்தப் பயம் வேண்டாம்.

சில செடிகளை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. மஞ்சள் அலரியின் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். அதன் விதை மனித உயிர்களையே குடித்ததை வடக்கில் அறியாதவர் இல்லை. ஆமணக்கு விதையிலும் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கிலும் றிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. குண்டுமணி உடைந்தால் நஞ்சு வெளிவரும். கோழியின் இரைப்பையோ கல்லைச் சேர்த்து அரைப்பது. ஊமத்தை விதை தானியத்தோடு கலந்தால் பிரித்தெடுப்பது கடினம். இவற்றைக் கோழி திரியும் இடத்திலிருந்து வேரோடு அகற்றுங்கள். சிறு பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பு.

அதேவேளை, கோழி சாகும்போதெல்லாம் செடியைப் பழிப்பதும் சரியல்ல. பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுகி, ஊர்க் கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது இராணிக்கேற் எனப்படும் நியூகாசில் நோயாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு. கால்நடை வைத்திய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். குழை போட்ட அன்றோ மறுநாளோ ஒரு வீட்டுக் கோழிகள் மட்டும் விழுந்தால், போட்டது என்ன என்று பாருங்கள்.

குஞ்சு வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. குஞ்சையும் கூட்டையும் கொடுத்து, கையொப்பம் வாங்கிப் போவதோடு உங்கள் கடமை முடிவதில்லை. கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுத் தாயோடு வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்று இருவரும் பேசித் தீர்மானியுங்கள். செடிகளின் குணத்தை அவரிடம் நீங்களும் கற்பீர்கள். அரை மணி நேர வேலை. ஒரு குடும்பத்தின் கைமுதல் தப்பும்.